ஷிப்ட் முடிந்து ஒரு கெமிஸ்ட்ரி பேப்பர்

ஹால் டிக்கெட்டை டவுன்லோட் செய்த பிறகுதான் பலருக்குப் புத்தகக் கட்டே பிரிகிறது. ஆறு மாதத்துக்கு முன் தபாலில் வந்த பாடநூல்கள் அலமாரியின் மேல்தட்டில் அப்படியே இருக்கும். படிக்கக் கூடாது என்று யாரும் அங்கே வைக்கவில்லை. நடுவில் தங்கச்சி கல்யாணம் வந்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். கம்பெனியில் ஆர்டர் நெருக்கி, ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். இப்போது தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கிறது. பாடம் வேதியியல். எழுதப்போகிறவர் கடைசியாக ஒரு வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்து பதினைந்து வருஷம் ஆகியிருக்கும்.

இப்படிப்பட்டவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். ஆர்.ஓ. பிளான்ட்டில் சாம்பிள் எடுப்பவர், மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் குடுவை கழுவிக் கொடுப்பவர், பள்ளிக்கூட ஆய்வக உதவியாளர், சாயப்பட்டறையில் கலர் கலப்பவர், டிப்ளமோவோடு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். நாள் முழுக்க அறிவியலோடுதான் புழங்குகிறார்கள். ஆனால் பதவி உயர்வுப் படிவத்தில் பட்டப்படிப்புக்கான கட்டம் காலியாக இருக்கிறது. இவர்களிடம் வேலை கற்றுக்கொண்ட பையன், கையில் பி.எஸ்சி. இருந்ததால், சில வருஷத்தில் 'கெமிஸ்ட்' ஆகி மேஜை போட்டு உட்கார்ந்துவிடுகிறான். முப்பது வயதுக்கு மேல் ஒருவர் மறுபடி புத்தகத்தைத் தொடுவதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

இவர்களுக்கு நாம் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, "மொதல்லருந்தே படிச்சிருக்கணும்." இன்னொன்று, "ராத்திரி முழிச்சுப் படிச்சா முடிச்சிடலாம்." முதலாவதால் இப்போது பயன் இல்லை. இரண்டாவது அவர்களுக்குக் கெடுதல். இருக்கிற கொஞ்ச நேரத்தை எதில் செலவழித்தால் மார்க் வரும் என்பதற்கு நூற்று நாற்பது ஆண்டு ஆராய்ச்சி பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில் நம் படிப்புப் பழக்கத்துக்கு நேர் எதிராக இருக்கிறது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

அறிவியல் மட்டும் ஏன் கஷ்டம்?

வேலையில் இருந்துகொண்டே பட்டம் வாங்குவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் வந்தன. குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள், கண்டக்டர்கள் எனப் பி.ஏ.வும் பி.காமும் எம்.ஏ.வும் எழுதி மேலே வந்தவர்கள் ஏராளம். வரலாற்றையும் வணிகவியலையும் தபாலில் அனுப்பிவிடலாம். பியூரெட்டையும் பிப்பெட்டையும் எப்படி அனுப்புவது?

இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அதையும் செய்துபார்த்தது. 1971இல் முதல் மாணவர்கள் சேர்ந்தபோது, அறிவியல் பாடம் எடுத்தவர்களின் வீட்டுக்கே சோதனைக் கருவிகள் கொண்ட பெட்டி போனது. கைக்கு அடக்கமான நுண்நோக்கியும் அதில் இருந்தது. சமையல் மேஜை மேலேயே அவர்கள் சோதனை செய்தார்கள். நம் நாட்டில் 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, வேறு வழியில் போனது. பி.எஸ்சி. படிப்பவர்கள் படிப்பு மையமாக இருக்கும் கல்லூரி ஆய்வகத்துக்கு நேரில் வர வேண்டும். அந்த வருகை கட்டாயம். சரியான முடிவுதான். கையால் செய்யாமல் வேதியியல் பட்டம் கொடுக்கக் கூடாது. ஆனால் அதற்கான விலையை மாணவர்தான் கொடுக்கிறார். கையில் இருக்கும் சி.எல். எல்லாம் ஆய்வக நாட்களிலேயே தீர்ந்துவிடுகிறது. எழுத்துத் தேர்வு வரும்போது, தேர்வன்று காலை ஒரு பர்மிஷன் வாங்குவதே பாடாகிவிடுகிறது. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. இக்னோவில் பி.எஸ்சி.யை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் படிக்க முடியும்.

நாளொன்றுக்கு 25 மணி நேரம்

இனி நேரக் கணக்கு. இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் தாளுக்கு 120 மணி நேரம். ஆறு மாதத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஐந்து மணி நேரம்கூட வராது. எட்டு மணி நேர வேலைக்குப் போகிறவருக்கும் கட்டுப்படியாகும் அளவுதான்.

அதே 120 மணி நேரத்தைப் பதினைந்து நாளுக்குள் திணித்தால் நாளுக்கு 8 மணி நேரம். வேலை 8, கம்பெனி பஸ்ஸில் போக வர 2, தூக்கம் 7. குளியலும் சாப்பாடும் சேர்க்காமலே 25 மணி நேரம் ஆகிவிடுகிறது. "எப்படியாவது முழுசா முடிச்சிடணும்" என்று இறங்குகிறவர்கள் மூன்றாவது நாளே துவண்டுபோவது இதனால்தான். அவர்களிடம் மன உறுதி குறைவில்லை. கணக்கு இடிக்கிறது.

உண்மையில் கையில் இருப்பது எவ்வளவு? வேலை நாட்களில் இரண்டு மணி நேரம், இரண்டு ஞாயிறுகளில் ஏழேழு மணி நேரம். மொத்தம் 40. அதாவது கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு. இந்த 40ஐ ஒப்புக்கொண்டு உட்கார்ந்தாலே பாதி பதற்றம் குறையும். அதன்பின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எதை விடுவது?

நான் அறிந்தவரை, இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் பழைய வினாத்தாள்களில் இருக்கிறது. இக்னோ தன் பழைய வினாத்தாள்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கடைசி ஐந்தாறு தேர்வுகளின் தாள்களை எடுத்து, எந்தப் பாடப்பகுதியிலிருந்து எத்தனை மதிப்பெண் வந்திருக்கிறது என்று பாடநூலின் பொருளடக்கத்திலேயே பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். ஒரு மணி நேர வேலை. அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே எங்கே உட்கார வேண்டும், எங்கே தாண்டிப் போகலாம் என்பது தெரிந்துவிடும். கடைகளில் விற்கும் 'முக்கிய வினாக்கள்' புத்தகத்தைவிட இது நம்பகமானது. யாரோ கணித்துச் சொன்னதை நம்பாமல், கேட்கப்பட்டதையே நேரடியாகப் பார்க்கிறோம்.

அசைன்மென்ட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதற்கு, 70 சதவீதம் தேர்வுக்கு. இரண்டிலும் தனித்தனியே 35 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. எழுதி முடித்த விடைகளை விலைக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நேரமில்லாதவர்கள் வாங்கி அப்படியே பார்த்து எழுதி அனுப்பிவிடுகிறார்கள். இதைப்போல நஷ்டமான வியாபாரம் வேறு இல்லை. பாடம் முழுவதையும் தொட்டுப் போகும்படி தயாரிக்கப்பட்ட வினாக்கள் அவை. திக்கித் திணறியாவது தானே எழுதியவருக்குத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே முதல் சுற்று முடிந்திருக்கும். பார்த்து எழுதியவர் பதினைந்து நாளில் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறார்.

மூடிய புத்தகம்

சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர் எப்படிப் படிக்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? கையில் மஞ்சள் நிற ஹைலைட்டர். ஒரு பத்தியைப் படிப்பார், கோடு போடுவார், மறுபடி படிப்பார். மூன்றாவது முறை படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். "இது புரிஞ்சிடுச்சு" என்று பக்கத்தைத் திருப்புவார். தேர்வு அறையில் அந்தப் பக்கத்தின் நிறமும் படம் இருந்த இடமும் ஞாபகம் வரும். விடை வராது.

ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட நூல்தான் மறதியை முதன்முதலாக அளந்து காட்டியது. அவருடைய சோதனைக்கு ஆளும் அவரே. அர்த்தமில்லாத அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரம் கழித்து எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்தார். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. அதற்குப் பிறகு மறதியின் வேகம் குறைந்துவிடுகிறது. 2015இல் அதே சோதனையை மறுபடி செய்து பார்த்தபோதும் ஏறக்குறைய அதே வளைவுதான் கிடைத்தது. "எனக்கு மட்டும் ஏன் மறந்துபோகுது, வயசாயிடுச்சோ?" என்று கலங்குகிறவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். எப்பிங்ஹாஸ் அந்தச் சோதனைகளைச் செய்தபோது முப்பது வயதை ஒட்டிய இளைஞர்.

மறதி இயல்பு என்றால் மாற்று என்ன? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு மிகத் தெளிவான விடை தருகிறது. மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் பகுதி கொடுக்கப்பட்டது. ஒரு குழு அதை நான்கு வேளையும் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு வேளை படித்தது. மீதி மூன்று வேளையும் தாளை மூடிவிட்டு, நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களுக்கு 40தான் மிஞ்சியது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

இந்த நான்கு எண்களை நான் திரும்பத் திரும்ப எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஹைலைட்டர்காரரை எது ஏமாற்றுகிறது என்பதும் இதில் இருக்கிறது. படித்த உடனே, படித்தவர்தான் ஜெயிக்கிறார். அந்த ஐந்து நிமிடத் தெளிவை அவர் தேர்ச்சி என்று நம்பிவிடுகிறார். எழுதிப் பார்ப்பவருக்கோ உட்காரும்போதே கஷ்டமாக இருக்கிறது. பாதி வரவில்லை, தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று தோன்றுகிறது. அந்தக் கஷ்டத்தில்தான் நினைவு பதிகிறது. 2013இல் டன்லாஸ்கியும் அவருடைய குழுவினரும் பத்துப் படிப்பு முறைகளை ஒன்றாக வைத்து எடை போட்டார்கள். கோடு போடுவதும் திரும்பப் படிப்பதும் குறைந்த பயன் தரும் பட்டியலில் விழுந்தன. தன்னைத் தானே சோதிப்பதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் மட்டுமே உயர்ந்த பயன் தருபவை என்று பேர் வாங்கின.

இடைவெளி என்றால் எவ்வளவு? 1,300 பேருக்கு மேல் பங்கேற்ற ஓர் ஆய்வு 2008இல் வந்தது. சோதனை ஒரு வாரம் கழித்து என்றால், முதல் படிப்புக்கும் இரண்டாவது படிப்புக்கும் நடுவே ஒரு நாள் விட்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். சோதனை ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப் போனால் இடைவெளியும் பத்து நாள் வரை நீள வேண்டியிருந்தது. பதினைந்து நாள் வைத்திருப்பவருக்கு இதன் அர்த்தம் எளிது. திங்கட்கிழமை ஒரு பாடத்தை ஐந்து மணி நேரம் போட்டு உருட்டுவதைவிட, திங்கள் இரண்டு மணி நேரம் படித்துவிட்டு, புதன்கிழமை கம்பெனி பஸ்ஸில் அரை மணி நேரம் ஒரு வெற்றுத் தாளில் அதை எழுதிப் பார்ப்பது மேல். சனிக்கிழமை இன்னொரு முறை பத்து நிமிடம்.

கை அறிந்ததும் தாள் கேட்பதும்

வேலைக்குப் போகிறவர்களிடம் பதினெட்டு வயது மாணவருக்கு இல்லாத ஒரு சொத்து இருக்கிறது. அதை அவர்கள் எண்ணிக்கையிலேயே சேர்ப்பதில்லை.

பாய்லர் அறைக்குத் தண்ணீர் அனுப்பும் பிளான்ட்டில் ஹார்ட்னெஸ் பார்ப்பவரை எடுத்துக்கொள்வோம். தினமும் காலையில் 50 மி.லி. தண்ணீரைக் கூம்புக் குடுவையில் எடுக்கிறார். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா பஃபரைக் கொஞ்சம் விடுகிறார். எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டி ஒரு சிட்டிகை. தண்ணீர் ஒயின் சிவப்பாகிறது. பியூரெட்டிலிருந்து ஈ.டி.டி.ஏ. கரைசல் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. சிவப்பு ஊதாவாகி, இன்னும் ஒரு சொட்டில் பளிச்சென்று நீலமாகிறது. அந்த ஒரு சொட்டைக் கண் பிடித்துவிடும். 0.01 மோலார் கரைசலில் 12.5 மி.லி. இறங்கியிருந்தால், ரீடிங்கை 20ஆல் பெருக்கி 250 பி.பி.எம். என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறார். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்க அளவாகச் சொல்வது 200. வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 600 வரை. இதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

தேர்வுத்தாள் கேட்பது வேறு. "இந்தத் தரம்பார்த்தலில் பி.எச். மதிப்பை 10இல் வைத்திருப்பது ஏன்?" ஐந்து மார்க். தினமும் பஃபர் ஊற்றிய கை அப்படியே நின்றுவிடுகிறது. காரணம் மூன்று. ஈ.டி.டி.ஏ. தன் ஹைட்ரஜன்களை விட்டுவிட்டு கால்சியத்தையும் மக்னீசியத்தையும் இறுகப் பிடிக்கக் காரத்தன்மை வேண்டும். பி.எச். மிகவும் இறங்கினால் நிறங்காட்டி உலோகம் இல்லாமலேயே சிவப்பாக இருக்கும், நீலத்துக்கு மாறுவது தெரியாது. பி.எச். 12ஐத் தொட்டால் மக்னீசியம் ஹைட்ராக்சைடாக வீழ்படிந்து கணக்கிலிருந்தே நழுவிவிடும். இந்த மூன்று வரியையும் ஒருமுறை படித்தால் அவருக்கு மறக்காது. தினமும் மூக்கில் ஏறிய அந்த அம்மோனியா வாசனைக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. கல்லூரிப் பையன் இதையே நெட்டுருப் போட வேண்டியிருக்கும்.

ஆகவே வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது: முதலில் உங்கள் வேலை தொடும் பாடத்தில் ஆரம்பியுங்கள். சாயப்பட்டறைக்காரர் நிறமிகளில், லேப் டெக்னீஷியன் நிறமாலை ஒளிமானியிலும் பியர்-லாம்பர்ட் விதியிலும், பேட்டரி சர்வீஸ் செய்பவர் மின்வேதியியலில். அங்கே பத்து மணி நேரத்தில் நடக்க வேண்டியது நான்கு மணி நேரத்தில் நடந்துவிடும். மிச்சமாகும் நேரத்தை எங்கே போடுவது என்பதற்குத்தான் அடுத்த உதாரணம்.

கணக்குகள். பெரியவர்கள் ஒதுக்கிவிட்டுப் போகிற இடம் இது. "தியரி எழுதிப் பாஸ் பண்ணிடலாம்" என்பார்கள். பஃபர் கணக்கு ஒன்றைப் பாருங்கள். ஒரு லிட்டர் கரைசலில் அசிட்டிக் அமிலம் 0.1 மோல், சோடியம் அசிட்டேட் 0.1 மோல். அமிலத்தின் பி.கே.ஏ. 4.76. இரண்டும் சம அளவு என்பதால் பி.எச். மதிப்பும் 4.76. இதில் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் என்ன ஆகும்? புத்தகத்தில் தீர்வைப் பார்த்துக்கொண்டே போனால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். வெற்றுத் தாளில் தானே போடும்போதுதான் இடறும் இடம் வெளிவரும். சேர்த்த அமிலத்தை அசிட்டேட் வாங்கிக்கொள்கிறது, அது 0.09ஆகக் குறைகிறது, அசிட்டிக் அமிலம் 0.11ஆகக் கூடுகிறது. மடக்கைக்குள் எது மேலே, எது கீழே? உப்பு மேலே, அமிலம் கீழே வைத்தால் பி.எச். 4.67. தலைகீழாக வைத்தால் 4.85. அமிலத்தை ஊற்றி பி.எச். ஏறுமா? ஏறாது. அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் தவறைத் தானே பிடித்துவிடுவார். அதே 0.01 மோல் அமிலத்தை ஒரு லிட்டர் வெறும் தண்ணீரில் விட்டிருந்தால் பி.எச். 7இலிருந்து 2க்கு விழுந்திருக்கும். பஃபர் என்றால் என்ன என்பதை ஒரு பக்க வரையறையைவிட இந்த இரண்டு எண்கள் நன்றாகச் சொல்கின்றன.

இப்படி ஒரு வகைக் கணக்குக்கு மூன்று நான்கு போட்டால், அது தேர்வில் உறுதியான மார்க். கட்டுரை விடைக்கு எட்டு கிடைக்குமா ஐந்து கிடைக்குமா என்பது திருத்துபவர் கையில். சரியாகப் போட்ட கணக்குக்கு முழு மார்க்.

இன்னொன்று, பலர் தேர்வு அறையில்தான் கண்டுபிடிப்பது. பத்து வருஷமாகக் கையெழுத்தையும் பதிவேட்டையும் தவிர வேறெதையும் பேனாவால் எழுதாத கைக்கு, பக்கம் பக்கமாக எழுதும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். அரை மணி நேரத்தில் கட்டைவிரல் மரத்துவிடும், எழுத்து கோணும், தெரிந்த விடைகூடச் சுருங்கிப்போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பழைய வினாத்தாளை வைத்து, கடிகாரம் பார்த்து, முழு நேரமும் உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். பாடத்துக்கும் பயிற்சி, கைக்கும் பயிற்சி.

ராத்திரி முழித்தால் என்ன ஆகும்?

காலை 5 மணிக்கு எழுந்தவர் ராத்திரி 10 மணிக்குப் புத்தகத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. வில்லியம்சனும் ஃபேயரும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 17 மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பவர்களின் கவனமும் வேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தன. நம் மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்ட அனுமதிக்கும் உச்ச வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். வண்டியைத் தொடக் கூடாத நிலையில் இருக்கும் மூளையிடம் நாம் மின்வேதியியலைக் கேட்கிறோம்.

தூக்கத்தை விரட்ட டீ குடிப்பார்கள். உடலுக்குள் போன காஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். பத்து மணிக்குக் குடித்த டீயில் பாதி மூன்று மணி வரை உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். படுத்தாலும் ஆழ்ந்த தூக்கம் வராது.

தூக்கத்தைத் தேர்வுக்காகத் தியாகம் செய்வதை நம் வீடுகளில் பெருமையாகச் சொல்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1924இலேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், மனப்பாடம் செய்த பின் தூங்கியவர்கள் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாக மறக்கிறார்கள் என்று காட்டிவிட்டார்கள். அதன்பின் வந்த ஆய்வுகளும் அதே திசையில்தான் போகின்றன. படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில். அந்த நேரத்தை வெட்டினால், முன்தினம் படித்ததும் சேர்ந்தே போகிறது. ஆகவே இரவில் ஒன்பதரை வரை எழுதிப் பார்ப்பது, பிறகு படுத்துவிடுவது, காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து நேற்று எழுதியதை மூடி வைத்து மறுபடி நினைத்துப் பார்ப்பது. ஜெனரல் ஷிப்ட்காரருக்கு இது நடக்கும்.

நைட் ஷிப்ட்காரருக்கு? விடிந்து வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைத் தொட வேண்டாம். முதலில் தூங்கட்டும். மதியம் எழுந்து, மறுபடி ஷிப்டுக்குக் கிளம்பும் முன் கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான் அவருடைய காலை நேரம். அந்த நேரத்தில் வீட்டில் டி.வி. ஓடாமல் இருக்க வேண்டும். அவ்வளவு சின்ன உதவிதான். அதுவும் பல வீடுகளில் கிடைப்பதில்லை.

பெண்களுக்கு இன்னொரு ஷிப்ட்

மேலே சொன்ன 40 மணி நேரக் கணக்கு ஆண்களுக்கானது என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்களுக்கு அது 97 நிமிடம். வித்தியாசம் மூன்று மணி நேரத்துக்கு மேல். நர்ஸாகவோ ஆய்வக உதவியாளராகவோ வேலை பார்த்துவிட்டு வரும் ஒரு பெண், இரண்டு மணி நேரம் படிக்க உட்கார வேண்டுமானால் அந்த இரண்டு மணி நேரத்தை யாராவது அவருக்குக் கொடுத்தாக வேண்டும். குக்கரை வைப்பவர், பிள்ளையின் ஹோம்வொர்க்கைப் பார்ப்பவர், மாவு அரைப்பவர் யார் என்பதில்தான் அவருடைய மார்க் இருக்கிறது.

"நீ படி, நான் ஒண்ணும் சொல்லலையே" என்று சொல்லும் கணவர்கள் பலர். ஒன்றும் சொல்லாமல் இருப்பது உதவி ஆகாது. பதினைந்து நாளுக்கு ராத்திரிச் சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செமஸ்டருக்கு ஒரு முறைதான் கேட்கிறேன்.

நிறுவனங்களிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. இக்னோவின் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வருகின்றன. தேதிகள் முன்கூட்டியே வெளியாகிவிடுகின்றன. தேர்வுக்கு முந்தைய இரவு ஷிப்ட் போடாமல் இருக்க ஒரு சூப்பர்வைசருக்கு ஒரு நிமிட வேலை. "சார், பதினாலாம் தேதி மட்டும் எனக்கு நைட் வேணாம் சார்" என்று தலையைச் சொறிந்துகொண்டு ஒரு தொழிலாளி நிற்க வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது. தேர்வு எழுதுகிறவர்களின் பட்டியலை மனிதவளப் பிரிவே வருடத்துக்கு இரண்டு முறை கேட்டு வாங்கி, ஷிப்ட் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளட்டும். படித்து முடித்தவர் அதே பிளான்ட்டில்தான் நல்ல கெமிஸ்டாக நிற்கப்போகிறார்.

பதினைந்து நாள் வைத்திருக்கும் வாசகருக்கு: இன்று பழைய வினாத்தாளை எடுங்கள். உங்கள் வேலை தொடும் பாடத்தில் ஆரம்பியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள். இந்த முறை ஒரு தாள் போனாலும் அது முடிவல்ல. ஜூனில் விட்டதை டிசம்பரில் எழுதலாம். மூன்று வருடப் பி.எஸ்சி.யை முடிக்க ஆறு வருடம் வரை அவகாசம் இருக்கிறது. தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதியை மட்டும் தவற விடாதீர்கள்.